மொழிக்கு எத்தனை மார்க்

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் மொழி என்றால் பாஷை அல்ல. சாட்சி கூண்டில் ஏறி நின்று சொல்கிறானே, அதற்குத்தான் அங்கே மொழி என்று பெயர். மலையாளத்தில் அப்படி. போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து மொழி எடுப்பார், மாஜிஸ்திரேட் மொழி எடுப்பார். அதே சாட்சி பிறகு பயந்துபோயோ பிரியாணி தின்றோ வேறு மாதிரி சொன்னால், மொழி மாற்றிவிட்டான் என்று வக்கீல் தலையில் அடித்துக்கொள்வார். நான் அங்கே ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். தலைமுடி கறுப்பாக இருந்த காலம் தொட்டு இருக்கிறேன். பகல் முழுக்க மலையாளத்தில் எழுதுவேன். சாயங்காலம் பஸ் பிடித்து, தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப்புறம் கேரளத்தில் இருக்கிற பாறசாலையில் இறங்கி வீட்டுக்கு வந்தால் தமிழில் சண்டை போடுவேன். எங்கள் பக்கத்தில் இது யாருக்கும் அதிசயமாகத் தோன்றாது.

அதனால்தான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒரு நாள் காலையில் தோசையைப் பிய்த்தபடியே, தான் ஒரு மொழி எடுக்க வேண்டும் என்று சொன்னபோது, என் வாயில் கோர்ட்டுப் பேச்சு வந்துவிட்டது. யாருடைய மொழி, அவன் யாரைக் குத்தினான் என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு அந்த வீட்டில் மார்க்கெட் கிடையாது. காலேஜ் சேர அகில இந்தியப் பரீட்சை ஒன்று எழுதப்போவதாகவும், அதில் எடுக்க வேண்டிய பாடங்களில் பாஷை ஒன்று என்றும், அதைப் பற்றித்தான் கேட்கிறாள் என்றும் அவளுடைய அம்மா அடுக்களையிலிருந்து விளக்கம் சொன்னாள்.

மகளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. டெல்லியில் ஒரு கல்லூரியில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் அந்தப் பாடம் இல்லையா என்று நான் கேட்டேன். இருக்கிறது. ரயிலில் போய் வரலாமே என்றேன். போய் வரலாம். பிறகு எதற்கு அத்தனை தூரம் என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காரணம் வெளியே வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஏதோ போட்டிக்கு நகரத்துக்குப் போயிருந்தபோது, அவள் மலையாளம் பேசிய இழுப்பைக் கேட்டு அங்கத்துப் பெண்கள் பாண்டி, அதாவது தமிழ்நாட்டுக்காரி, என்று கூப்பிட்டுச் சிரித்திருக்கிறார்கள். கிறிஸ்துமசுக்குத் துணி எடுக்க எல்லைக்கு அந்தப் பக்கம் போனால், கடைக்காரர் அவளைப் பார்த்து, மலையாளத்துப் பிள்ளைக்குத் தமிழ் நன்றாக வருகிறதே என்று மெச்சுகிறார். அந்த மெச்சல்தான் கேலியைவிட அதிகம் சுட்டதாம்.

"ரெண்டு பக்கத்திலயும் நான் விருந்துக்காரியாக்கும்," என்றாள். "டெல்லிக்குப் போனா எல்லாரும் ஒண்ணுதான். வெறும் மதராசி."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் நாற்பது வருஷமாக இந்தப் பாண்டிப் பட்டத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குத் தோல் தடித்துவிட்டது, அவ்வளவுதான். அவளுக்குத் தடிக்க வேண்டாம் என்று நினைத்தேன். போகட்டும், டெல்லிக்கே போகட்டும் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அந்தப் பரீட்சையின் கணக்கு எனக்குப் புரியச் சில நாள் பிடித்தது. பரீட்சை ஒன்றுதான். ஆனால் கேள்வித்தாள் பல. பாஷைக்கு ஒன்று, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று, பொது அறிவும் கணக்குப் புதிரும் கலந்த பொதுத்தாள் ஒன்று. ஒரு பிள்ளை மொத்தம் ஐந்துதான் எழுதலாம். எழுதி வாங்கிய மார்க்கில் எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்பது ஒவ்வொரு கல்லூரியின் இஷ்டம். இவள் ஆசைப்பட்ட டெல்லிக் கல்லூரி ஒரு பாஷை, கணக்கு, இன்னும் இரண்டு பாடம் என்று நான்கைப் பார்க்கும். நான்குக்கும் ஒரே எடை. வேறொரு மாநிலத்தில் இருக்கிற மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்று கணக்கையும் பொதுத்தாளையும் மட்டும் பார்க்கும். பாஷையில் நீ முழு மார்க் வாங்கினாலும் சரி, முட்டை வாங்கினாலும் சரி, அவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மூன்றாவது ஓரிடம் பாஷையில் பாஸ் ஆனால் போதும், கூட்டலில் சேர்க்க மாட்டோம் என்றது.

என் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ஊருக்கு பிளவுஸ் தைக்கிறவள். ஒரே பிள்ளைதானே, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு இடத்தில் அளவு எடுக்கிறார்களே என்று அவள் சொன்னாள். எனக்கு அதைக் கேட்ட பிறகுதான் விஷயம் முழுசாகப் பிடிபட்டது. கோர்ட்டிலும் எல்லா மொழிக்கும் ஒரே எடை இல்லை. கண்ணால் பார்த்தவன் மொழிக்கு ஓர் எடை, காதால் கேட்டவன் மொழிக்கு இன்னோர் எடை. எந்த நீதிபதி எதை எப்படி எடுப்பார் என்று வக்கீல் கணக்குப் போட்டுத்தான் சாட்சிகளை நிறுத்துவார். என் மகள் செய்ததும் அதே வேலைதான்.

கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் எழுதியாக வேண்டும். டெல்லி கிடைக்காவிட்டால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு வேண்டும், அதற்குப் பொதுத்தாள். ஆக நான்கு முடிந்தது. பாஷைக்கு மிஞ்சியது ஓர் இடம். மூன்று பாஷை புழங்குகிற வீட்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம்.

நெய்யாற்றின்கரையில் அவள் போய்க்கொண்டிருந்த டியூஷன் சென்டரில், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, எல்லாரும் இங்கிலீஷ்தான் எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாரும் செய்கிறார்கள் என்பது என் மகளுக்கு ஒரு காரணமே அல்ல. அந்தக் குணம் என்னிடமிருந்து போனது, மறுக்க மாட்டேன். மூன்று பாஷையிலும் பழைய கேள்விகளை எடுத்து வைத்துத் தானே எழுதிப் பார்த்தாள். இங்கிலீஷ் சுமாராக வந்தது. அவள் படித்தது இங்கிலீஷ் மீடியம் என்றாலும், எங்கள் ஊர் இங்கிலீஷ் மீடியத்தில் பாடம் மட்டும்தான் இங்கிலீஷ், மற்றதெல்லாம் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடும். மலையாளம் பத்தாம் வகுப்புவரை இரண்டாம் பாஷை. அதில் அவளுக்கு எப்போதும் ஒரு தமிழ் வார்த்தை குறுக்கே வந்து விழும். டீச்சர் சிவப்பு மையில் வட்டம் போட்டு இது தமிழ் என்று எழுதி அனுப்புவார். தமிழ் மட்டும் ஏறக்குறைய முழுசாக வந்தது.

தமிழை அவள் பள்ளிக்கூடத்தில் படித்ததே இல்லை. என் மனைவி எல்லைக்கு அந்தப் பக்கம், விளவங்கோட்டில் பிறந்தவள், பத்துவரை தமிழில் படித்தவள். இங்கே வாழ வந்த பிறகு அவளுக்குத் தமிழ் எழுத்தைக் காட்டியது எங்கள் சபையின் தமிழ் ஆராதனை ஒன்றுதான். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாட்டுப் புஸ்தகத்தில் விரலை ஓட்டி ஓட்டி எழுத்தைச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு பைபிள். பிறகு நான் பஸ்ஸில் வாங்கி வருகிற வாரப் பத்திரிகை. யாரும் பரீட்சை வைக்காத பாஷை என்பதால் பிள்ளை அதைப் பயமில்லாமல் படித்தாள் என்று நினைக்கிறேன்.

தமிழ் எடுக்கிறேன் என்று அவள் சொன்ன அன்று என் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளிடமிருந்து பிள்ளைக்குப் போன ஒரு சாமானுக்கு டெல்லியில் கணக்குப் பாடத்துக்குச் சமமான எடை. எங்கள் கல்யாணமான நாள் முதல் இங்கத்து அக்கம்பக்கம் அவள் பேச்சைக் கேலி செய்திருக்கிறது. ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் அவள் மலையாளத்துக்கு மாறுவாள், மாறிய பிறகும் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். இப்போது அதே நாக்குக்கு மார்க். எனக்கும் தலை கால் புரியவில்லை. கோர்ட்டில் எல்லாரிடமும் சொன்னேன். வக்கீலிடம் சொன்னேன், கேன்டீனில் சொன்னேன், கேட்காத டைப்பிஸ்டிடமும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். எங்கள் வீட்டுத் தமிழுக்கு டெல்லியில் நாலில் ஒரு பங்கு உண்டு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அத்தனை சந்தோஷப்பட்டிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. சந்தோஷம் தப்பில்லை, ஆனால் பின்னால் அதை ஒவ்வொரு ஆளிடமிருந்தும் திரும்ப வாங்க வேண்டியதாகிவிட்டது.

அந்த மாதங்கள் நன்றாக இருந்தன. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டில் அதைவிட நல்ல மாதங்கள் வந்ததில்லை. சாயங்காலம் நான் வந்து சட்டையைக் கழற்றும்போது அம்மாவும் மகளும் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். நம்முடைய பேச்சு வேறு, பரீட்சைத் தமிழ் வேறு என்பது அம்மாவுக்குத் தெரியும். அதனால் களை எடுக்கிற மாதிரி நம்முடைய வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தாள். கொள்ளாம் என்று சொல்லாதே, நன்று என்று சொல். ஒடுக்கம் என்று சொல்லாதே, முடிவு. பைய என்பதற்கு மெதுவாக. இஞ்ச என்பதற்கு இங்கே. மகள் வேண்டுமென்றே அச்சுத் தமிழில் சோறு கேட்பாள், அன்னையே, இன்னும் சற்றுக் குழம்பு ஊற்றுங்கள் என்பாள். நாங்கள் சிரிப்போம். அத்தனை வார்த்தையைப் பிடுங்கியதில் ஒன்று மட்டும் கைக்கு அகப்படாமல் நின்றுவிட்டது. தினம் பத்துத் தடவை வாயில் வருகிற வார்த்தை அது. அதனால்தான் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

பரீட்சை திருவனந்தபுரத்தில். நாங்கள் மூன்று பேருமாகப் பாறசாலையிலிருந்து காலை ரயிலில் போனோம். உள்ளே கம்ப்யூட்டரில் எழுதுகிற பரீட்சை. வெளியே நானும் மனைவியும் ஒரு மதில் நிழலில் பத்திரிகையை விரித்து உட்கார்ந்திருந்தோம். தமிழ்த்தாள் முடிந்து வந்தபோது பிள்ளையின் முகம் தெளிந்திருந்தது. எளிது, நேரம் மிச்சம் என்று சொன்னாள். திரும்பி வருகிற ரயிலில், ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டிருந்தார்கள் என்றும், அது நம்முடைய ரோட்டைப் பற்றி எழுதின மாதிரியே இருந்தது என்றும் சொல்லிச் சிரித்தாள்.

"ஒரு ஊருல வெள்ளம் வந்துது. உடனே பெண்ணுங்க எல்லாம் பானையும் பாத்திரமும் தூக்கிட்டு ஓடுனாவ. பிள்ளைங்க கூச்சல் போட்டாவ. ஒரு கிழவன் வானத்தைப் பாத்துக் கை கூப்பினான்."

நம்ம ரோட்டில் பைப்பு வருகிற நாள் போலத்தான் என்று என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் ரோட்டில் பைப்பு தினமும் வராது. வருகிற அன்று யாராவது முதலில் பார்த்தவர் வெள்ளம் வந்தாச்சு என்று ஒரு சத்தம் கொடுப்பார். உடனே குடமும் வாளியுமாக ரோடு நிறைந்துவிடும். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். எங்கள் தமிழிலும் அப்படித்தான். குடிப்பதும் குளிப்பதும் கஞ்சியில் விடுவதும் வெள்ளம். ஆறு கரை மீறினால் அதற்கு வெள்ளப்பொக்கம் என்று தனிப் பெயர் உண்டு. தமிழ் டிவியில் வெள்ளம் என்று சொல்லி மூழ்கின வீடுகளைக் காட்டுவார்கள், அது எங்களுக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன். அந்த ரயில் பெட்டியில் எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

சில வாரம் கழித்து விடைகளை வெளியிட்டார்கள். பிள்ளை எழுதின விடையும் சரியான விடையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து கறி கொதித்துக்கொண்டிருந்த நேரம். மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கு நன்றாக வந்திருக்கிறது என்றாள். இயற்பியலும் அப்படியே. தமிழ்த்தாளைத் திறந்தாள். பிறகு ஒரு மாதிரி சிரித்தாள். நான் என்னவென்று கேட்டேன். அவள் அந்தப் பத்தியை வாசித்தாள்.

ஊருக்குள் வெள்ளம் வந்தது. பெண்கள் பானைகளையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு ஓடினர். குழந்தைகள் கூச்சலிட்டனர். முதியவர் ஒருவர் வானத்தை நோக்கிக் கைகூப்பினார். மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் அன்று இடம் போதவில்லை. அவ்வளவுதான் பத்தி. மக்களின் மனநிலை என்ன என்று கேட்டிருந்தார்கள். மகிழ்ச்சி என்று இவள் எழுதியிருந்தாள். முதியவர் ஏன் கைகூப்பினார் என்று கேட்டதற்கு, நன்றி சொல்ல. வெள்ளம் என்பதற்குப் பொருள், நீர். பத்திக்கு ஏற்ற தலைப்பு, குடிநீர் வந்த நாள். அத்தனையும் தப்பு. தப்புக்கு மார்க் இல்லை என்பது மட்டுமல்ல, இருக்கிற மார்க்கிலும் பிடித்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் இடம் போதவில்லை என்றதும் உனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டேன். பைப்பு பள்ளிக்கூடத்து வாசலில் இருக்கும் என்று நினைத்தேன் என்றாள். எங்கள் ரோட்டில் பைப்பு பள்ளிக்கூடத்து வாசலில்தான் இருக்கிறது.

என் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். விஷயம் புரிந்ததும் அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. எத்தனை வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தோம், இதை விட்டுவிட்டோமே என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"எனக்கும் வெள்ளம்னா வெள்ளம்தானே," என்றாள். "அதுல சொல்லிக்குடுக்க என்ன இருக்குன்னு நினைச்சேன்."

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. விடையில் ஆட்சேபம் உண்டென்றால் எழுதி அனுப்பலாம் என்று போட்டிருந்தார்கள். ஆட்சேபம் எழுதுவதுதானே என் பிழைப்பு. எத்தனை அப்பீல் எழுதியிருக்கிறேன், தோற்ற கேசுக்கும் ஜெயித்த மாதிரி வாசகம் போடத் தெரியும். அங்கேயே உட்கார்ந்து வாயால் சொல்ல ஆரம்பித்தேன். மேற்படி சொல்லானது எல்லையோரத் தமிழ் மக்களின் வழக்கில் நீர் என்ற பொருளிலேயே காலங்காலமாக ஆளப்பட்டு வருவதாலும் என்று நீட்டிக்கொண்டே போனேன். மகள் நடுவில் நிறுத்தினாள். கோபமில்லை, சத்தமில்லை.

"வேண்டாம் அப்பா. கேள்வி தப்பில்ல, விடையும் தப்பில்ல. நம்ம வீடுதான் தப்பு."

எத்தனையோ பேருடைய மொழியைக் கோர்ட்டில் நகல் எடுத்திருக்கிறேன். கொலையைப் பார்த்தவன், மகனை இழந்தவள், எல்லார் மொழியும் என் பேனா வழியாகப் போயிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் ஒன்றும் நினைவிருக்காது. மகள் அன்றைக்குச் சொன்ன மொழி ஓர் எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. ஆட்சேபம் அனுப்பவில்லை.

பழைய தமிழில் வெள்ளத்துக்கு நீர் என்றே ஒரு பொருள் உண்டு என்று பிற்பாடு ஓர் அகராதியில் பார்த்தேன். பார்த்து என்ன செய்ய. பெண்கள் பாத்திரத்தோடு ஓடியது நீர் பிடிக்க அல்ல, உயிர் பிழைக்க. பத்தி பத்திதான். அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

மார்க் வந்தது. டெல்லிக் கல்லூரி கூட்டிப் பார்த்த நான்கில் மூன்று பாடமும் தாராளமாக இருந்தன. நான்காவது இழுத்துக்கொண்டு போய்விட்டது. கொஞ்சத்தில்தான் போயிற்று. கொஞ்சம் என்றால் அந்தப் பத்திக்கு உண்டான அளவு. சும்மா இங்கிலீஷை எடுத்திருந்தால் சுமாரான மார்க்கோடு உள்ளே போயிருப்பாள். டியூஷன் சென்டர்காரர்களைப் பார்க்காமல் இருக்க நான் கொஞ்ச நாள் வேறு வழியாகக் கோர்ட்டுக்குப் போனேன். கேன்டீனில் ஒவ்வொருவரும் டெல்லி என்னாச்சு என்று கேட்டார்கள். நான் டெல்லியில் குளிர் அதிகமாம் என்று சொன்னேன்.

அந்த இன்னொரு மாநிலத்துப் பல்கலைக்கழகம் அவளை எடுத்துக்கொண்டது. கணக்கும் பொதுத்தாளும்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஒரே பரீட்சை, ஒரே பிள்ளை. ஓரிடத்தில் அவள் நாக்குக்கு நாலில் ஒரு பங்கு எடை, இன்னோரிடத்தில் ஒன்றுமே இல்லை. எந்த எடை நியாயம் என்று நான் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்ப்பதுண்டு. எடை கொடுத்த இடம் கதவைச் சாத்தியது. எடை கொடுக்காத இடம் திறந்தது. நல்ல இடம்தான், நல்ல பாடம்தான், அவளுக்குப் பிடித்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் எதற்காக அத்தனை தூரம் போக நினைத்தாளோ அது மட்டும் நடக்கவில்லை. அந்த ஹாஸ்டலில் பாதிப் பேர் மலையாளிகள், பாதிப் பேர் தமிழர்கள். போன முதல் நாளே இரண்டு கூட்டமும் வந்து நீ மலையாளியா தமிழா என்று கேட்டிருக்கிறது. என்ன சொன்னாய் என்று போனில் கேட்டேன். பாறசாலை என்று சொன்னேன் என்றாள். அது எங்கே இருக்கிறது என்று இரண்டு கூட்டத்துக்கும் தெரியவில்லையாம்.

முதல் விடுமுறைக்கு அவள் வந்தபோது நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். கொஞ்சம் மெலிந்திருந்தாள். வழியெல்லாம் நன்றாகத்தான் பேசினாள். ஸ்டாட்டிஸ்டிக்ஸில் எடை போட்ட சராசரி என்று ஒன்று முதலிலேயே வருகிறதாம். ஒவ்வொரு எண்ணுக்கும் எத்தனை எடை என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும், எடையை மாற்றினால் விடையும் மாறிவிடும் என்று விளக்கினாள். நான் தலையாட்டினேன். அவள் பேச்சில் ஏதோ ஒன்று எனக்கு இடறிக்கொண்டே இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. இஞ்ச என்பதற்குப் பதில் இங்கே என்றாள், பைய என்பதற்குப் பதில் மெதுவா என்றாள். முன்பெல்லாம் அதை விளையாட்டுக்குச் சொல்வாள். இப்போது விளையாட்டு இல்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா அவளுக்குப் பிடித்த மீன் கறி வைத்திருந்தாள். காரம் கொஞ்சம் கூடிப்போயிருந்தது.

"அம்மா, தண்ணி," என்றாள் மகள்.

என் மனைவிக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. காது கேட்காதவள் போல நின்று, "வெள்ளமா மக்கா?" என்று கேட்டாள். மகள் ஆமாம் என்று தலையை அசைத்தாள். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்ல வந்து நிறுத்தியதும் இல்லை. அவளிடம் அது இல்லை, அவ்வளவுதான். சூடு பட்ட கை அடுப்பைத் தொடாமல் சுற்றிப் போகிற மாதிரி அவள் நாக்கு அதைச் சுற்றிப் போயிற்று. அம்மா தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். சாப்பாடு முடிகிறவரை நாங்கள் மூன்று பேரும் மீனைப் பற்றிப் பேசினோம்.

எனக்குத் துக்கமாக இருந்தது. டெல்லி கைவிட்டுப் போனதற்கு நான் இத்தனை துக்கப்படவில்லை. சீட்டு ஒரு பரீட்சையில் போவது, அடுத்த பரீட்சையில் வருவது. பிறந்தது முதல் அவள் கேட்டுக் குடித்த வார்த்தையை, தப்பு என்று யாரோ போட்ட ஒரு குறிக்குப் பயந்து அவள் வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்திருக்கிறாள். அவளைத் தப்புச் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது. நானும் பகல் முழுக்கக் கோர்ட்டில் அதைத்தானே செய்கிறேன். ஆனால் நான் சாயங்காலம் திரும்பி வந்து எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

சாயங்காலம் ரோட்டில் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து வெள்ளம் வந்தாச்சு என்று கூவினாள். கதவுகள் திறக்கிற ஓசையும் குடங்கள் ஒன்றோடொன்று முட்டுகிற ஓசையும் கேட்டன. என் மனைவி தையலை அப்படியே போட்டுவிட்டு வாளியை எடுத்தாள். பைப்பு வந்தால் வீட்டுக்குள் அந்தச் சத்தத்தைக் கொடுப்பவள் அவள்தான், அதைக் கேட்டு மகள் இன்னொரு வாளியோடு ஓடுவது இத்தனை வருஷ வழக்கம். மகள் அறைக்குள் படுத்திருந்தாள். என் மனைவி அறை வாசலில் நின்றாள். கூப்பிட வாயைத் திறந்தவள், ஒரு கணம் தயங்கினாள்.

"மக்கா," என்றாள், "தண்ணி வந்தாச்சு."

நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஊர்க்காரர்கள் எத்தனையோ வருஷம் சிரித்தும் அவள் விடாமல் வைத்திருந்த பேச்சிலிருந்து ஒரு வார்த்தை போயிற்று. மகள் எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் போனாள். நான் அங்கேயே இருந்தேன். என் மனைவி மொழி மாற்றிவிட்டாள்.